குப்பைத் தொட்டியில் மழைத்தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது: மூன்று மழைக்கால அனுபவம்

சென்னையில் எங்கள் அப்பார்ட்மென்டில் 12 வீடுகள். 2022 கோடையில் 120 லிட்டர் சக்கரத் தொட்டி இரண்டு வாங்கினோம். மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காத குப்பைக்கு நீலம். உள்ளே வைக்க இடமில்லாததால் கேட்டுக்கு வெளியே, சுவரை ஒட்டித் திறந்தவெளியில்தான் நிற்கின்றன.

முதல் ஐப்பசியிலேயே பிரச்சினை தெரிந்துவிட்டது. தொட்டிக்கு மூடி இருக்கிறது, ஆனால் மூடியிருப்பதில்லை. குப்பை போடுகிறவர் ஒரு கையில் கவர், மறு கையில் குடையோடு வருகிறார். மூடியைப் பின்னால் தள்ளிவிட்டுப் போட்டுவிட்டு ஓடிவிடுகிறார். தொட்டியின் வாய் ஏறத்தாழ அரை மீட்டருக்கு அரை மீட்டர். ஒரே இரவில் 10 செ.மீ. மழை கொட்டினால் 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். அதாவது 20 கிலோ கூடுதல் எடை. காலையில் பேட்டரி வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் அக்கா அதை ஒற்றை ஆளாகச் சாய்த்தபோது அந்தக் கறுப்புத் தண்ணீர் அவர் புடவை முழுக்கத் தெறித்தது. நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் இதை நாமே சரிசெய்தாக வேண்டும் என்று இறங்கினேன்.

முதலில் அடியில் ஓட்டை போட்டேன். ட்ரில்லிங் மெஷினில் 12 மி.மீ. பிட் மாட்டி, தொட்டிக்கு நான்கு ஓட்டை. தண்ணீர் நின்றதென்னவோ குறைந்தது. ஆனால் பச்சைத் தொட்டியிலிருந்து சாம்பார் கசடும் மீன் கழுவிய தண்ணீரும் நாள் முழுக்கச் சொட்டின. சிமென்ட் தரை பழுப்பாகி, ஈ மொய்த்து, தெருவே நாறியது. ஒரே வாரத்தில் எம்-சீல் வைத்து அடைத்தேன். மக்கும் குப்பைத் தொட்டியில் ஓட்டை போடவே போடாதீர்கள். நீலத் தொட்டியில் போட்டது மட்டும் இன்றுவரை பயன்படுகிறது. ஓட்டைகளின் மேல் கொசுவலைத் துண்டு ஒட்டியிருக்கிறேன்.

அடுத்து மூடிமேல் செங்கல். காற்றுக்குத் திறக்காது என்று நினைத்தேன். வெயிலும் பாரமும் சேர்ந்து மூடி நடுவில் குழிந்துவிட்டது. குழியில் ஒரு டம்ளர் தண்ணீர்தான் இருக்கும், குனிந்து பார்த்தால் செங்கல்லைச் சுற்றிக் கொசுப்புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இந்த ஒரு டம்ளர் நல்ல தண்ணீரே போதும், வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் தீராது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தண்ணீர் தேங்கிய இடத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்க்கிறோம். மூடியின் வரிப்பள்ளங்களையும் கைப்பிடி இடுக்கையும் விடுவதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இரண்டு தொட்டிகளும் மிதந்து எதிர்வீட்டுச் சுவரில் போய்ச் சாய்ந்து கிடந்தன. மூடி, ஓட்டை எதுவும் அங்கே பேச்சில்லை. அதன்பிறகு பெருமழை எச்சரிக்கை வந்தால் தொட்டிகளைக் காலிசெய்து படிக்கட்டுக்கு அடியில் ஏற்றிவிடுகிறோம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலுக்கும் அப்படித்தான்.

கடைசியில் கைகொடுத்தது ஒரு நைலான் கயிறு. மூடியின் பக்க விளிம்பில், தொட்டி வாய்க்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் சின்ன ஓட்டை போட்டுக் கயிற்றைக் கோத்தேன். மறுமுனையைத் தொட்டியின் விளிம்பில் கட்டினேன். மூடி நேராக நிமிர்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கயிறு இழுத்துப் பிடித்துவிடும். கையை எடுத்தால் தானாக விழுந்து மூடிக்கொள்ளும். யாரும் நினைவுவைத்து மூட வேண்டியதில்லை. இதற்கு முன் ஒட்டிய அறிவிப்புத் தாள்கள் எதுவும் செய்யாததை இது செய்தது.

முதலில் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தேன். மறுநாளே அக்கா கூப்பிட்டு, “கட்டிப் போட்டா நான் எப்படி சார் கவுக்குறது?” என்று கேட்டார். அவரிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். இப்போது ஒரு முனையில் கொக்கி. கழற்றிக் கவிழ்த்துவிட்டு அவரே மாட்டிவிடுகிறார். “தண்ணி இல்லாததால இப்ப லேசா இருக்கு” என்றார்.

மக்கும் குப்பை ஊறாமல் இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. தண்ணீரில் ஊறிய குப்பைக்குள் காற்றுப் போகாது, அழுகி நாறும், உரமாவதும் கடினம். இப்போது மொட்டைமாடி உரத்தொட்டிக்கு அதிலிருந்தே இரண்டு வாளி எடுத்துக்கொள்கிறோம்.

கயிறு வெயிலில் நைந்துபோகிறது, ஆண்டுக்கொருமுறை புரட்டாசியில் மாற்றிவிடுங்கள். மூடி தானாக விழுந்து விழுந்து, அதைத் தொட்டியோடு இணைக்கும் கீல் ஊசி (பின்) ஒன்றில் விரிசல் விட்டிருக்கிறது. தனியாக அந்த ஊசி மட்டும் கிடைக்கவில்லை, அதே கனத்தில் பிளாஸ்டிக் பைப் துண்டைச் செருகியிருக்கிறேன். இந்த மழைக்குத் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.