கிமோட்டோவா, யமாஹையா?

ஜப்பானின் அரிசி மதுவான சாகேயில் பழைய முறை என்றதும் கிமோட்டோ, யமாஹை என்று இரண்டு பெயர்கள் வரும். இரண்டும் ஒன்றுதான் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஃபுகுஷிமாவின் நிஹொன்மட்சுவில் 1752 முதல் இயங்கும் டைஷிச்சி ஆலையின் ஜுன்மாய் (தனியாக ஆல்கஹால் சேர்க்காத சாகே) கிமோட்டோ, இஷிகாவாவின் ஹாகுசானில் தயாராகும் டெங்குமாய் யமாஹை ஜுன்மாய் இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக் குடித்துப் பாருங்கள்.

வேறுபாடு ஈஸ்ட்டை வளர்த்தெடுக்கும் தாய்க்கலவையில் தொடங்குகிறது. கிமோட்டோவில் வெந்த அரிசி, கோஜி (பூஞ்சை வளர்த்த அரிசி), தண்ணீர் மூன்றையும் அகலத் தொட்டிகளில் போட்டு, கடும் குளிரில் நீண்ட கோல்களால் குத்திக் கூழாக்குவார்கள். குத்தாமலே கோஜியின் நொதிகள் அரிசியைக் கரைத்துவிடும் என்று 1909இல் அரசு ஆய்வகம் கண்டது. குத்தலைக் கைவிட்ட முறைதான் யமாஹை. ஏறக்குறைய அதே சமயத்தில் வந்த சொக்குஜோ என்ற முறையில் லாக்டிக் அமிலத்தை நேரடியாகச் சேர்த்துவிடுவதால் தாய்க்கலவை இரண்டு வாரத்தில் தயார். இன்று பெரும்பாலான சாகே அப்படித்தான். பழைய முறைகள் இரண்டிலும் அமிலம் தானாகவே உருவாக வேண்டும், நான்கு வாரம் பிடிக்கும். அதற்கு உழைக்கும் பாக்டீரியாக்களில் ஒன்று லூக்கோநாஸ்டாக். நம் இட்லி மாவைப் பொங்க வைப்பதும் அதுதான்!

சரி, சுவைக்கு வருவோம். நன்றாகக் குளிரவைத்தால் இரண்டுமே அடங்கிப்போகின்றன. 45 டிகிரிக்குச் சூடாக்கியதும் ஆளுக்கொரு குணம் காட்டுகின்றன. டெங்குமாய் பொன்னிறம். காளான், வறுத்த கொட்டை வாசனை முன்னால் வரும், பின்னாலேயே நாக்கின் ஓரங்களைப் பிடிக்கும் புளிப்பு. கொழுப்புள்ள மீனைச் சுட்டு வைத்தால் அந்தப் புளிப்பு அருமையாக வேலை செய்கிறது. தனியாகக் குடிக்கும்போது இரண்டாவது கிண்ணத்திலேயே எனக்குப் போதும் என்றாகிவிடுகிறது.

டைஷிச்சியில் அதே புளிப்பு, அரிசிச் சுவைக்குள் கரைந்து கிடக்கிறது. பாலாடை போல வழுவழுப்பு, ஆனால் தொண்டையில் இறங்கியதும் வாய் சுத்தமாகிவிடுகிறது. அரிசியை உருண்டையாக்காமல் அதன் வடிவத்துக்கேற்பத் தட்டையாகத் தீட்டுவது அவர்கள் வழக்கம். அந்தத் தெளிவில் அதற்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன். டோஃபு, முள்ளங்கியைச் சாறில் வேகவைத்த ஓடென் போன்ற மென்மையான சாப்பாட்டுக்கு இதுதான் பொருத்தம்.

ஒரு புட்டிதான் வாங்க முடியும் என்றால் டைஷிச்சியை வாங்குங்கள். அடுப்பில் நேரடியாக வைக்காமல், டொக்குரி குடுவையில் ஊற்றி வெந்நீரில் இறக்கிச் சூடாக்குங்கள். கிண்ணத்தில் ஆறிக்கொண்டே வரும்போது மெதுவாகக் குடியுங்கள். 40 டிகிரி வாக்கில் அரிசியின் இனிப்பு மேலே வரும்.