அமெரிக்காவில் குடியேற டெக்சாஸா, மினசோட்டாவா?

டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. மினசோட்டாவில் அதிக வருமானக்காரர்களுக்கு அது 9.85 சதவீதம் வரை போகும். அதை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடாதீர்கள். டெக்சாஸில் வீடு வாங்கினால் சொத்து வரி கையைக் கடிக்கும்.

அப்புறம் வானிலை. ஆகஸ்ட் மதியம் டெக்சாஸின் டாலஸ் நகர வெயிலில் நின்ற காரின் ஸ்டீயரிங்கைத் தொட முடியாது. ஜனவரியில் மினசோட்டாவின் மினியாபோலிஸ் நகரில் மூச்சு விட்டாலே மீசையில் பனி படியும். ஆனால் அந்த ஊர் குளிருக்குப் பழகியது: நகர மையக் கட்டடங்களை மாடி உயரத்தில் மூடிய நடைபாலங்கள் இணைக்கின்றன. 2021 பிப்ரவரியில் டெக்சாஸைக் குளிர் தாக்கியபோதோ லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போனது, குழாய்கள் உறைந்து வெடித்தன.

எனக்கு மினசோட்டாதான். ஊரிலிருந்து அப்பா அம்மாவைக் குளிர்காலத்தில் அழைத்துவருவதென்றால், சரி, டெக்சாஸ். மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து கிடக்க அவர்களால் முடியாது.