சீல் பிரிக்காத பெட்டிக்குள் பழைய ரவுட்டர்: மொத்தமாக வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

திருப்பூரில் சிறிய அளவில் நெட்வொர்க், சிசிடிவி வேலை செய்து வருகிறேன். பனியன் கம்பெனி, மருந்துக்கடை, லேப் என்று எல்லாமே சின்ன இடங்கள். ரவுட்டருக்கு ஐந்தாயிரம் செலவு செய்ய யாரும் தயாராக இல்லை. அதனால் விலை குறைந்த ரவுட்டர் மாட்டுவதை நான் தப்பாக நினைத்ததில்லை, இன்றும் நினைக்கவில்லை. நான் ஏமாந்தது வேறு விதத்தில்.

பிப்ரவரியில், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் 20 ரவுட்டர் வாங்கினேன், ஒன்று 650 ரூபாய். அதே மாடல் வெளியில் ஆயிரத்துக்கு மேல். பெட்டியெல்லாம் சீலோடு புதிதாக இருந்தது. "ஒரு வருஷம் வாரண்டி, ஏதாச்சும்னா நானே மாத்தித் தர்றேன்" என்றார். ஜிஎஸ்டி பில் கேட்டேன், எஸ்டிமேட் சீட்டைக் கொடுத்தார். சரி என்று வாங்கி வந்துவிட்டேன். அங்கேயே திரும்பியிருக்க வேண்டும்.

17 ரவுட்டரை மாட்டினேன். மார்ச் வரை ஒரு புகார் இல்லை. ஏப்ரல் வெயில் ஏறியதும் ஆரம்பித்தது. முதல் போன் ஒரு ரத்தப் பரிசோதனை லேபிலிருந்து. "தம்பி, நேத்தும் இதே நேரத்துக்குத்தான் போச்சுங்க. ரிப்போர்ட்டுக்கு ஆளுங்க உக்காந்திருக்காங்க" என்றார் அந்த அக்கா. மதியம் இரண்டு மணிக்கு மேல் நெட் நின்றுவிடும். ஆஃப் செய்து போட்டால் வரும், அரை மணியில் மறுபடி போகும். லைன் கோளாறு என்று நினைத்து, இணைப்புக் கொடுத்த கம்பெனியில் புகார் செய்யச் சொன்னேன். இரண்டு வாரம் அவரை அப்படி அலைய விட்டது இன்னும் மனதில் உறுத்துகிறது.

அப்புறம்தான் ஒரு நாள் மதியம் அங்கேயே உட்கார்ந்து, லேப்டாப்பைக் கேபிளில் மாட்டி, இரண்டு விண்டோவில் பிங் (பதில் வருகிறதா என்று விடாமல் கேட்டுப் பார்க்கும் கட்டளை) ஓட விட்டேன். ஒன்று ரவுட்டருக்கு (192.168.1.1), இன்னொன்று வெளியே கூகுளின் 8.8.8.8 சர்வருக்கு. வெளியே மட்டும் நின்றால் பெரும்பாலும் லைன் கோளாறு, இரண்டும் சேர்ந்து நின்றால் ரவுட்டரே நின்றுவிட்டது என்று பொருள். 2:20-க்கு இரண்டும் ஒன்றாக நின்றன. முதல் நாளே செய்திருக்க வேண்டிய ஐந்து நிமிட வேலை.

வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தேன். அடாப்டர் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில், மின்சாரத்தைச் சீராக்கும் கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது. அதன் காலடியில் பழுப்பாகப் பிளக்ஸ் (சால்டர் செய்யும்போது பூசும் பசை) கறை. யாரோ கையால் சால்டர் செய்த போர்டு அது. அடாப்டரில் 9 வோல்ட் என்று போட்டிருந்தது. சும்மா அளந்தால் சரியாகக் காட்டியது, ரவுட்டரை மாட்டி வைஃபையில் ஒரு பெரிய ஃபைலை இறக்கியதும் 6 வோல்ட்டுக்குக் கீழே போனது. கெப்பாசிட்டருக்குச் சூடு ஆகாது. 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸில் பழைய கணக்கு. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, காற்றில்லாத மூலையில் ஏற்கெனவே உழைத்துத் தேய்ந்த போர்டு எத்தனை நாள் தாங்கும்?

மாட்டாமல் வைத்திருந்த மூன்றையும் பிரித்தேன். ஒவ்வொரு கருவிக்கும் தனியாக இருக்க வேண்டிய அடையாள எண்ணான மேக் முகவரி ஸ்டிக்கரில் ஒன்று, ரவுட்டரின் அட்மின் (செட்டிங்) பக்கத்தில் காட்டியது வேறு. மூன்றிலும் இப்படித்தான். இரண்டில் உள்ளே ஒரே மேக் முகவரி இருந்தது, ஒன்றின் மெமரியை அப்படியே இன்னொன்றில் காப்பி அடித்திருக்கிறார்கள். ஒரு பனியன் கம்பெனியில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஒரே நெட்வொர்க்கில் இரண்டு மாட்டியிருந்தேன். ஒன்று வேலை செய்தால் மற்றது நின்றுவிடும். அங்கே போய்ப் பார்த்தேன், அவை இரண்டிலும் ஒரே மேக்தான். தயாரித்த கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் சீரியல் நம்பரைச் சொன்னேன். வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது என்றார்கள். அடாப்டரில் இருந்த பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணை அவர்களின் பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டேன், சம்பந்தமே இல்லாத வேறொரு நிறுவனத்தின் பெயர் வந்தது.

வியாபாரிக்குப் போன் செய்தேன். "இது எங்க சரக்கே இல்லைங்க, பில் இருக்கா?" என்றார். மறுவிற்பனைக்கு வாங்குகிறவர் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார். பில்லும் இல்லாமல் வேறு எங்கே போவது? அந்த 17-க்கும் பதிலாக என் கைக்காசு போட்டு வேறு ரவுட்டர் மாட்டினேன். 21,000 ரூபாய்க்கு மேல் ஆனது. அந்த லேப் அக்கா இப்போது வேறு ஆளைக் கூப்பிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இப்போது எந்த ரவுட்டரும் நேராக வாடிக்கையாளர் இடத்துக்குப் போவதில்லை. மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் மூன்று நாள் ஓடுகிறது. பத்துப் பதினைந்து போனை இணைத்து, வீடியோவும் டவுன்லோடும் போட்டு, பிங் பதிவைச் சேமித்து வைக்கிறேன். நடுவில் மெயின் சுவிட்சைப் பலமுறை அணைத்துப் போடுவேன், கரண்ட் போய் வந்த பிறகு செட்டிங் அழிந்துவிடும் ரகமும் உண்டு. மாடல் பெயரை மட்டும் நம்புவதில்லை, ஸ்டிக்கரில் வெர்ஷன் எண்ணையும் பார்க்கிறேன். லிங்க்சிஸ் கம்பெனியின் புகழ்பெற்ற டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரிலேயே 2005-இல் ஐந்தாம் வெர்ஷன் வந்தபோது மெமரி பாதியாகக் குறைந்தது, பெயர் மட்டும் மாறவில்லை. ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் கடைசியாக எந்த வருடம் வந்தது என்பதையும் பார்த்துவிடுகிறேன், புதுப்பிக்காததில் மால்வேர் (கேடு செய்யும் மென்பொருள்) எளிதாகப் புகும். 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற மால்வேர் 54 நாடுகளில் ஐந்து லட்சம் கருவிகளுக்குள் புகுந்தது, அவற்றில் பெரும்பாலானவை இப்படி வீட்டிலும் சின்ன ஆபீஸிலும் இருக்கும் ரவுட்டர்கள்தான்.

இந்த வருடம் அந்தத் தெருவில் வழக்கத்தைவிட நூறு, இருநூறு ரூபாய் குறைந்த விலையில் ரவுட்டர் வாங்கியிருந்தால், இன்றே ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டிக்கர் மேக் அட்மின் பக்கத்தில் இருக்கும் எந்த மேக்கோடும் ஒத்துப்போகவில்லை என்றால், மிச்சத்தை எங்கேயும் மாட்டாதீர்கள்.