மாருதி 800: எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துத் தூக்குவதா, பிரித்து இறக்குவதா?

1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்ற மாருதி 800, வீட்டு வாசலிலேயே வைத்துப் பிரித்து மாட்டக்கூடிய கார். 796 சிசி, மூன்று சிலிண்டர், குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும் எஞ்சின், அதன் பக்கவாட்டில் கியர்பாக்ஸ். மொத்தக் காரே ஏறத்தாழ 650 கிலோதான். அதனால் எஞ்சின் வேலைக்கு ஷெட்டைத் தேடிப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. எந்த வழியாக இறக்குவது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி.

முதல் கட்சி: கியர்பாக்ஸைக் கீழ்வழியாகக் கழற்றிவிட்டு, எஞ்சினை மட்டும் மேலே தூக்கு. இரண்டாவது: இரண்டையும் பிரிக்காமல் ஒன்றாகவே பானெட் வழியாகத் தூக்கு. மூன்றாவது: இரண்டையும் சேர்த்துத் தரையில் இறக்கி, காரை மேலே உயர்த்தி, அடியிலிருந்து இழுத்துவிடு. இவற்றில் வீட்டுக்கு ஏற்றது எது என்று தீர்மானிக்க நான் கேட்கும் முதல் கேள்வி, கனம் நகரும் அந்த நேரத்தில் ஆள் எங்கே இருக்கிறார் என்பதே.

மூன்றாவது வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். லிஃப்ட் உள்ள ஷெட்டில் அது அருமையான முறை. பல புதிய கார்களில் எஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாம் அவற்றைத் தாங்கும் அடிச்சட்டமான சப்ஃபிரேமோடு சேர்ந்தே கீழே இறங்கும். வீட்டிலோ, எஞ்சின் முழு உயரத்துக்கும் அடியில் இடம் கிடைக்கும்வரை காரின் மூக்கைத் தூக்கி நிறுத்த வேண்டும். சாதாரண ஸ்டாண்ட் அந்த உயரத்துக்கு வராது. செங்கல்லும் கட்டையும் அடுக்கி உயரம் கூட்டுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். செங்கல் விரிசல் விட்டால் முன்னறிவிப்பே இருக்காது.

இனி உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும்தான்.

கியர்பாக்ஸைத் தனியாக இறக்குபவர்கள் சொல்லும் காரணம் நியாயமானது. 800-இன் கியர்பாக்ஸ் சின்னது. பழகிய மெக்கானிக் அதை நெஞ்சில் தாங்கியே இறக்கிவிடுவார். கிளட்ச் பிளேட் மட்டும் மாற்றுவதென்றால் இதுதான் சரியான வழி, எஞ்சினைத் தொடவே வேண்டாம். ஆனால் பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸ் எஞ்சினோடு சேரும் மணி வடிவ உறை) போல்ட்டுகளைக் கழற்றும் முன் எஞ்சினுக்கு முட்டுக் கொடுத்தாக வேண்டும். கீழே ஜாக்கியும் மரக்கட்டையும் வைக்கலாம், அல்லது இரண்டு ஃபெண்டர் ஓரங்களிலும் தாங்கும்படி குறுக்கே ஒரு கனமான பைப்பைப் போட்டு அதிலிருந்து சங்கிலியால் கட்டலாம். பைப்தான் நல்லது. கீழே படுத்திருப்பவருக்குக் கையை வீச இடம் கிடைக்கும்.

இறக்குவதைவிடத் திரும்ப ஏற்றுவதுதான் கஷ்டம். மல்லாந்து படுத்தபடி கியர்பாக்ஸைத் தூக்கிப் பிடித்து, அதன் இன்புட் ஷாஃப்ட்டைக் கிளட்ச் பிளேட்டின் பற்களுக்குள் நேராக நுழைக்க வேண்டும். பிளேட் மயிரிழை விலகி உட்கார்ந்திருந்தாலும் நுழையாது. கை சோர்ந்துபோய், "ஒரு நிமிஷம் அப்படியே நிற்கட்டும்" என்று கியர்பாக்ஸின் கனத்தை ஷாஃப்ட்டின் மேல் தொங்கவிட்டால் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். வண்டி ஓடும், ஆனால் கிளட்ச் ஒழுங்காகப் பிரியாது. இன்னொரு ஆசை, மிச்சமிருக்கும் இடைவெளியைப் போல்ட்டை முறுக்கியே மூடிவிடலாம் என்பது. அப்படி முறுக்கினால் ஹவுசிங்கில் போல்ட் நுழையும் காது உடையும். ஷாஃப்ட் சரியாகப் பொருந்தியிருந்தால் கையால் தள்ளும்போதே இரண்டு முகங்களும் ஒட்டிக்கொள்ளும்.

சேர்த்துத் தூக்கும்போது இந்தப் பாடு கிடையாது. மொத்த யூனிட்டும் தரைக்கு வந்த பிறகு, வெளிச்சத்தில் உட்கார்ந்தபடி பிரிக்கலாம். மாட்டும்போதும் கிளட்ச் பிளேட்டை ஒரு பழைய இன்புட் ஷாஃப்ட்டை வைத்து நடுவில் நிறுத்தி, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை முறுக்கி, கியர்பாக்ஸைக் கண்ணால் பார்த்தே சேர்க்கலாம். பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா, கிளட்சைப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங் தேய்ந்திருக்கிறதா, எல்லாம் கைக்கெட்டும் இடத்தில். எல்லாவற்றுக்கும் மேலாக, யூனிட் காற்றில் தொங்கும்போது காருக்கு அடியில் யாரும் இல்லை.

இதற்கான விலை, கழற்ற வேண்டிய இணைப்புகள் கூடுதல் என்பது. பானெட்டை எடுக்க வேண்டும் (கீல் நிற்கும் இடத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டால் திரும்ப மாட்டும்போது இடைவெளி சமமாக வரும்). பேட்டரி, ரேடியேட்டர், ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், பெட்ரோல் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ், சைலன்சர் பைப், கீழே கியர் ராடுகள். கார்புரேட்டர் வண்டியென்றால் வேக்குவம் ஹோஸ்களுக்கு ஒவ்வொன்றாகச் சீட்டு ஒட்டிவிடுங்கள். எம்பிஎஃப்ஐ வண்டியில் (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) பெட்ரோல் லைனில் அழுத்தம் நிற்கும். பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓடவிட்டு, அதுவாக அணைந்த பிறகே ஹோஸில் கை வைக்க வேண்டும். ஏசி இருந்தால் கேஸ் பைப்பைத் திறக்கவே வேண்டாம். கம்ப்ரஸரை மட்டும் கழற்றி ஓரமாகக் கட்டிவைத்தால் போதும்.

கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் விஷயத்தில் இரண்டு வழிக்கும் ஒரே வேலைதான். முதலில் கியர் ஆயிலை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஷாஃப்ட்டை உருவியதும் அத்தனையும் தரையில் கொட்டும். ஆனால் காரை நகர்த்தப் போகிறீர்கள் என்றால், ஷாஃப்ட்டின் வெளி முனையைச் சக்கரம் மாட்டும் ஹப்பிலேயே விட்டுவிட்டு உள் முனையை மட்டும் நெம்பி எடுத்து, கம்பியால் தூக்கிக் கட்டுங்கள். முழுவதும் உருவிவிட்டுக் காரைச் சக்கரத்தில் உருட்டினால், பிடிப்பு இல்லாத ஹப் பேரிங் கெட்டுப்போகும்.

சரி, எதைக் கொண்டு தூக்குவது? இங்கேயும் ஒரு போட்டி இருக்கிறது: சங்கிலியை இழுத்துக் கனம் தூக்கும் செயின் பிளாக்கா, சக்கரம் வைத்த எஞ்சின் கிரேனா?

தரைதான் இதை முடிவு செய்யும். கிரேனின் சக்கரங்கள் சின்னவை. சிமென்ட் தரை வழவழப்பாக இருந்தால் சுமையோடு பின்னால் இழுக்கலாம். பேவர் கல்லிலோ மண்ணிலோ அது பள்ளத்தில் சிக்கி நிற்கும், அப்போது எஞ்சின் ஊசலாடத் தொடங்கும். செயின் பிளாக் ஒரே இடத்தில் தொங்குவதால் யூனிட்டை மேலே ஏற்றிவிட்டுக் காரைத்தான் பின்னால் தள்ள வேண்டும். 800-ஐ இரண்டு பேர் சுலபமாகத் தள்ளிவிடலாம். நம்மூர் வாசல்களுக்குப் பெரும்பாலும் செயின் பிளாக்தான் பொருத்தம். அதற்கு மேலே ஒரு நம்பகமான பிடிமானம் வேண்டும். போர்ட்டிகோவின் ஃபேன் கொக்கி அதற்கானது அல்ல. வேப்பங்கிளையின் உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியே தெரியாது. கனமான இரும்புப் பைப்பில் செய்த மூன்றுகால் ஸ்டாண்டை வாடகைக்கு எடுத்து, கால்கள் விரியாதபடி சங்கிலியால் பிணைத்துக்கொள்வதுதான் என் தேர்வு.

தூக்கும்போது யூனிட் சமமாக எழாது, ஒரு பக்கம் சாயும். அந்தச் சாய்வு வேண்டியதுதான், நேராக நின்றால் பக்கச் சட்டத்தில் இடிக்கும். எஞ்சினில் இருக்கும் இரண்டு கொக்கிகளிலும் சங்கிலியைப் போட்டு, நாலு விரல் உயரம் தூக்கிவிட்டு நிறுத்துங்கள். சுற்றிவந்து பாருங்கள். மறந்துபோன ஒரு எர்த் வயரோ, ஒரு ஹோஸோ இழுபட்டு நிற்பது அப்போதுதான் கண்ணில் படும்.

கிளட்ச் மட்டும்தான் வேலை, பக்கத்தில் கைபழகிய ஒருவர் இருக்கிறார் என்றால் கியர்பாக்ஸைத் தனியாக இறக்குங்கள், கார் ஜாக்கியில் அல்ல, ஸ்டாண்டில் நிற்க வேண்டும். எஞ்சினையே வெளியே எடுக்கும் வேலை என்றால் சேர்த்தே தூக்குங்கள். பிளாக்கையே மாற்றுவதாக இருந்தால் வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்டிஓ பக்கம் போய்விடுங்கள். ஆர்சி புத்தகத்தில் புது எஞ்சின் நம்பர் ஏற வேண்டும்.