மேட்டுப்பாளையம் ஸ்டீம் என்ஜின் 'நைட் ஷூட்' என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள், எனக்கு 8,500 போச்சு

வயிறு எரிந்துகொண்டே எழுதுகிறேன், முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 28ஆம் தேதி விடியற்காலை நாலு மணிக்கு மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்கு எதிரே, பூட்டிய டீக்கடை வாசலில், டிரைபாடும் இரண்டு லென்ஸுமாக ஒன்றரை மணி நேரம் தெருநாய்களோடு நின்றேன். 8,500 ரூபாய் கட்டிவிட்டு.

ஊட்டி ரயிலைப் பகலில் படம் எடுக்காதவர் யாரும் இல்லை. ஆனால் இருட்டில் எடுப்பது லேசில்லை, ஏனென்றால் வண்டி மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7:10க்குக் கிளம்பி சாயங்காலம் ஐந்தரை வாக்கில் கீழே திரும்பிவிடும். குன்னூருக்கு மேலே வேறு டீசல் என்ஜின்தான். ஆக, ஸ்டீம் என்ஜினை ராத்திரி வெளிச்சத்தில் பிடிக்க வேண்டுமென்றால் கிளம்புவதற்கு முன்னால் அதைச் சூடேற்றித் தயார் செய்கிற அந்த இருட்டு நேரம்தான் வழி. அதற்கு உள்ளே போக அனுமதி வேண்டும். அந்த அனுமதியைத்தான் எனக்கு ஒருவன் விற்றான்.

சுற்றுலா 'அனுபவங்களுக்கு' டிக்கெட் விற்கும் செயலிகள் இருக்கின்றனவே, அப்படி ஒன்றில்தான் பார்த்தேன். 'கிறிஸ்துமஸ் விடுமுறை ஸ்டீம் நைட் ஷூட், ஆறு பேருக்கு மட்டும்.' கீழே நாற்பது சொச்சம் ரிவ்யூ, எல்லாம் ஐந்து நட்சத்திரம். முன்பணம் 1,500 செயலியில் கட்டினேன். அன்று ராத்திரியே அவனிடமிருந்து போன் வந்தது.

நான் விழுந்த இடம் இதுதான். சும்மா காசு கேட்கிறவன் மாதிரி அவன் பேசவே இல்லை. "அண்ணா, கேமரா என்னங்க வச்சிருக்கீங்க? ஃபிளாஷ் நாங்க மூணு கொண்டாறோம். ஒண்ண என்ஜினுக்குப் பின்னாடி ஸ்டீமுக்குள்ள மறைச்சு வச்சிட்டா புகை அப்படியே வெள்ளையா எந்திரிச்சு நிக்கும்ணா" என்றான். சரியான பேச்சு. அதோடு நிறுத்தவில்லை, வின்ஸ்டன் லிங்க் பற்றி ஆரம்பித்துவிட்டான். 1955 முதல் 1960 வரை அமெரிக்காவில் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்களை ராத்திரியில் டஜன் கணக்கில் ஃபிளாஷ் பல்புகளை எரித்து எடுத்தாரே, அவரேதான். எக்ஸ்போஷரை நீட்டினால், அதாவது ஷட்டரை ரொம்ப நேரம் திறந்து வைத்தால், நீராவி உருவமில்லாமல் பஞ்சாகக் கரைந்துவிடும், ஃபிளாஷ் அடித்தால்தான் சுருள் சுருளாக நிற்கும் என்று எனக்கே பாடம் எடுத்தான். வீட்டில் இதையெல்லாம் காது கொடுத்துக் கேட்க ஆளில்லாத எனக்கு அந்த இருபது நிமிடம் போதுமானதாக இருந்தது. மீதி 7,000 ரூபாயை "பர்மிஷனுக்கு இன்னைக்கே கட்டணும்ணா" என்று யூபிஐயில் கேட்டான், போனை வைப்பதற்குள் அனுப்பிவிட்டேன். பத்து நிமிடத்தில் சீல் வைத்த அனுமதிக் கடிதமும், ராத்திரியில் எடுத்த ஒரு என்ஜின் படமும் வாட்ஸ்அப்பில் வந்தன.

நாலரைக்கு போன் செய்தேன். "கார் பஞ்சர்ணா, காரமடை தாண்டிட்டோம்" என்றான். ஐந்துக்கு எடுக்கவில்லை. ஐந்தேகாலுக்கு சுவிட்ச் ஆஃப். உள்ளே எங்கோ நீராவி சீறுகிற சத்தம் மட்டும் கேட்கிறது, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐந்தரைக்கு கேட்டில் நின்ற ஆர்பிஎஃப் (ரயில்வே பாதுகாப்புப் படை) காவலரிடம் போய் கடிதத்தைக் காட்டினேன். டார்ச் அடித்து இரண்டு தரம் படித்தார். "தம்பி, இதுல பாலக்காடு டிவிஷன்னு போட்டிருக்கு பாருங்க. நாங்க சேலம் டிவிஷன்." பாலக்காட்டிலிருந்து சேலம் ரயில்வே கோட்டம் பிரிந்தது 2007இல், அது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், சீலின் நீல மையைப் பார்த்தேனே தவிர அதில் இருந்த எழுத்தைப் படிக்கவில்லை. நல்ல மனிதர், திட்டவில்லை. "போன வாரமும் ரெண்டு பேர் இதே பேப்பரோட வந்தாங்க" என்று சொல்லி அனுப்பினார்.

அதற்கப்புறம் செயலிக்காரர்களிடம் பட்ட பாடு தனி. முதலில் ஒரு தானியங்கி அரட்டை, "உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது." பிறகு ஒரு பெண், 7,000 ரூபாய் எங்கள் வழியாக வரவில்லை சார், அதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார். சரி, 1,500ஐயாவது கொடுங்கள் என்றேன். நிகழ்ச்சிக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்திருக்க வேண்டுமாம். ஏமாறப்போகிறேன் என்று இரண்டு நாள் முன்னாடியே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் போல. மேலதிகாரி கூப்பிடுவார் என்றார்கள், மூன்று நாளாகிறது, ஒருத்தரும் கூப்பிடவில்லை. வங்கியில் கேட்டால், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணம் சார் என்கிறார்கள். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு போன் அடித்துப் புகார் எண் வாங்கியிருக்கிறேன், அவ்வளவுதான் இப்போதைக்கு. 8,500 ரூபாய்.

இன்னொன்று, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நேற்று உட்கார்ந்து அவன் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என்ஜினின் முன்பக்க பஃபர் (இடிதாங்கி) மேலே குளிருக்குப் போர்த்திக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளத்தில் மணல் தூவுகிறவர்கள். தண்ணீர்த் தொட்டி பாய்லர் முதுகில் சேணம் மாதிரி உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் கடைகளை உரசிக்கொண்டு தண்டவாளம் போகிறது. அது டார்ஜிலிங்! நம் ஊட்டி ரயிலின் எக்ஸ் கிளாஸ் என்ஜினுக்கு ஒவ்வொரு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர், மேலே உள்ளதுதான் மலையேற உதவுகிற பல்சக்கரத்தைச் சுழற்றும், சின்னப் பையன்கூட அடையாளம் சொல்வான். இருபது வருஷமாக ரயில் பைத்தியம் என்று சொல்லிக்கொள்கிற நான் அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் வேறு வைத்திருந்தேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது பொறுமை இல்லை. செயலியில் பதிவு செய்தால் ஒரு பைசாகூட அதற்கு வெளியே அனுப்பாதீர்கள். அனுமதிக் கடிதம் என்று எதைக் காட்டினாலும் பணம் கட்டுவதற்கு முன் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கேளுங்கள். அனுப்புகிற படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ரிவ்யூ தேதிகளையும் பாருங்கள், எனக்கு வந்த நாற்பதும் ஒரே வாரத்தில் போட்டவை.

இன்றைக்கே இதை எழுதக் காரணம், காலையில் அதே செயலியில் வேறு பெயரில் 'பொங்கல் விடுமுறை ஸ்டீம் நைட் ஷூட்' வந்திருக்கிறது. அதே டார்ஜிலிங் படம், பஃபரில் அதே இரண்டு பேர். முன்பணம் இப்போது 2,000.