கடலோர மொட்டை மாடிக்கு ஆர்-32 ஸ்க்ரோல் சில்லர் வாங்கலாமா?

சென்னையில் 100 டன் (ஒரு டன் என்பது சுமார் 3.5 கிலோவாட் குளிர்ச்சி) அளவுக்கு ஒரு அலுவலகத்துக்கோ மருத்துவமனைக்கோ ஏர்-கூல்டு சில்லர், அதாவது ஏசிக்கான தண்ணீரைக் குளிர்வித்து சூட்டை வெளிக்காற்றில் விடும் மெஷின், பார்ப்பவர்கள், ஆர்-32 என்ற குளிரூட்டும் கேஸும் மைக்ரோசேனல் கண்டென்சரும் (சூட்டை வெளியேற்றும் காயில்) பிளேட் எவாப்பரேட்டரும் (தண்ணீரைக் குளிர்விக்கும் பகுதி) சேர்ந்த ஸ்க்ரோல் (சுருள் வடிவ கம்ப்ரசர்) மாடலைத் தயங்காமல் எடுக்கலாம். இடமும் எடையும் குறைவு, கேஸும் கொஞ்சம்தான். ஆனால் பழைய ஆர்-22 மெஷின் பொறுத்துக்கொண்ட தவறுகளை இது பொறுக்காது.

மெஷின் எவ்வளவு பெரிதாக வரும் என்பதை கேஸின் அழுத்தமே பெரும்பாலும் முடிவு செய்கிறது. 5 டிகிரியில் ஆவியாகும்போது ஆர்-32 சுமார் 9.5 பாரில் இருக்கும். அதே வெப்பநிலையில் வேறு சில்லர்களில் வரும் ஆர்-134ஏ கேஸ் 3.5 பார். ஆர்-1233இசட்டி வெறும் 0.6 பார், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. அழுத்தம் கூடினால் ஆவி அடர்த்தியாக வரும், ஒரே குளிர்ச்சிக்கு கம்ப்ரசர் இழுக்க வேண்டிய கன அளவு குறையும். ஆர்-32 மெஷின் சிறியதாக இருப்பதன் ரகசியம் இதுதான். ஆர்-1234இசட்இ-யின் புவி வெப்பமாக்கும் திறன் மிகக் குறைவு என்றாலும், ஆர்-134ஏ-யோடு ஒப்பிட்டால் அதற்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிய கம்ப்ரசர் தேவைப்படும்.

கணக்கும் ஆர்-32 பக்கம்தான். கார்பன் டை ஆக்சைடை 1 என்று வைத்தால், இவ்வகை மெஷின்களில் முன்பு பரவலாக இருந்த ஆர்-410ஏ-யின் வெப்பமாக்கும் திறன் 2088, ஆர்-32-க்கு 675. உதாரணமாக 50 கிலோ ஆர்-410ஏ முழுக்கக் கசிந்தால் 104 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அதே வேலையை 35 கிலோ ஆர்-32 செய்தால் கசிவின் கணக்கு 24 டன்னோடு நிற்கும். கிகாலி என்ற சர்வதேச ஒப்பந்தப்படி இந்தியா 2032 முதல் ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற எச்எஃப்சி கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இன்று வாங்கும் சில்லர் அதற்குப் பிறகும் ஓடும் என்பதால் இது வாங்குபவரின் கவலையும்தான்.

ஆர்-32 லேசாகத் தீப்பற்றும் ஏ2எல் வகை. காற்றில் 14 சதவீதம் அளவுக்குச் சேர்ந்தால்தான் பற்றும், அதனால் திறந்த மாடியில் பெரிய பயம் இல்லை. மூடிய அறையில் வைத்தால் கேஸ் சென்சாரும் அதோடு இணைந்த எக்ஸாஸ்ட் ஃபேனும் கட்டாயம். பழைய ஆர்-410ஏ மெஷினில் ஆர்-32 ஏற்றும் வேலையை யார் சொன்னாலும் செய்யக் கூடாது.

அதிகம் கவனிக்க வேண்டியது கண்டென்சர் காயில். மைக்ரோசேனலில் காப்பர் குழாய் கிடையாது. பட்டையான அலுமினியக் குழாய்க்குள் நூலிழை போன்ற வரிசையான துளைகள், இடையில் அலுமினிய ஃபின், எல்லாம் ஒரே உலையில் பற்றவைத்தது. உள்ளே இடமே இல்லாததால்தான் கேஸ் குறைகிறது. அதனாலேயே ஒன்றிரண்டு கிலோ அதிகம் போட்டாலும் திரவம் தேங்க இடமின்றி ஹெட் பிரஷர் (கண்டென்சர் பக்க அழுத்தம்) ஏறி ட்ரிப் ஆகும். ஆகவே எடை மிஷினில் நிறுத்தித்தான் சார்ஜ் செய்ய வேண்டும், கேஜைப் பார்த்து அல்ல. ரிசீவர் (திரவ கேஸைத் தேக்கும் தொட்டி) இல்லாத மாடலில் பம்ப் டவுன் செய்து முழு கேஸையும் காயிலில் பூட்டிவைக்கவும் முடியாது, சிலிண்டரில் மீட்டெடுக்க வேண்டும்.

உப்புக்காற்றில் துளை விழுந்தால் காப்பர் காயில்போல மாடியிலேயே பிரேசிங் செய்வது கஷ்டம். பெரும்பாலும் காயிலையே மாற்ற வேண்டிவரும். எனவே கடலோரத்தில் தொழிற்சாலையிலேயே போட்ட எபாக்ஸி இ-கோட்டிங் (அரிப்பைத் தடுக்கும் பூச்சு) இல்லாமல் வாங்கவே வேண்டாம். கழுவும்போது காற்று போகும் திசைக்கு எதிராக, உள்ளிருந்து வெளியே, சாதாரண அழுத்தத்தில் நல்ல தண்ணீர் விட்டால் போதும். ஆசிட் கலந்த காயில் கிளீனர் அலுமினியத்தை அரித்துவிடும்.

பிளேட் எவாப்பரேட்டரின் தண்ணீர் வழி சில மில்லிமீட்டர் அகலம்தான். புதுக் குழாயில் இருக்கும் வெல்டிங் கசடு முதல் நாளே அடைத்துவிடும். சில்லரை பைபாஸ் செய்து லைனை ஃப்ளஷ் செய்த பிறகே இணைக்க வேண்டும், முன்னால் 1 மி.மீ. அல்லது அதைவிட நுண்ணிய வலையுள்ள ஸ்ட்ரெய்னர் வேண்டும். 100 டன்னுக்குத் தண்ணீர் 12 டிகிரியில் வந்து 7 டிகிரியில் போக நொடிக்கு சுமார் 17 லிட்டர் ஓட வேண்டும். அடைப்பில் ஓட்டம் குறைந்து உள்ளே பனி கட்டினால் பிளேட் பிளக்கும், தண்ணீர் கேஸ் பக்கம் புகும், அந்த சர்க்யூட்டின் கம்ப்ரசர்கள் எல்லாம் போகும். தண்ணீர் ஓட்டம் குறைந்தால் மெஷினை நிறுத்தும் ஃப்ளோ ஸ்விட்சை பைபாஸ் செய்து ஓட்டுவது இந்த மெஷினைக் கொல்வதற்குச் சமம். உள்ளே நிற்கும் தண்ணீர் மிகக் குறைவு என்பதால், சிறிய லைனாக இருந்தால் டன்னுக்கு 11 லிட்டராவது மொத்தத்தில் வரும்படி பஃபர் டேங்க் (கூடுதல் தண்ணீர்த் தொட்டி) சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்ரசர் நிமிடத்துக்கு நிமிடம் ஆன், ஆஃப் ஆகும்.

300 டன்னுக்கு மேல் போனால், கூலிங் டவர் தண்ணீர் வழியே சூட்டை வெளியேற்றும் வாட்டர்-கூல்டு பக்கம் பார்க்கலாம். ஆர்-1233இசட்டி போட்ட, ஆயில் இல்லாத மேக்னெடிக் பேரிங் மெஷின்கள் மின்சாரத்தை நன்றாகவே மிச்சப்படுத்தும். வெற்றிடத்தில் ஓடுவதால் உள்ளே புகும் காற்றை வெளியேற்ற பர்ஜ் யூனிட் வேண்டும். கூலிங் டவரில் டன்னுக்கு மணிக்கு 6 லிட்டருக்கு மேல் ஆவியாகும். 300 டன் பத்து மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய இரண்டு டேங்கர் லாரித் தண்ணீர். 2019 கோடையைப் பார்த்த ஊரில் இதை யோசிக்காமல் விட முடியாது.

ஆர்டர் போடும் முன் ஒன்று. கேட்லாக்கில் பெரும்பாலும் இருப்பது 35 டிகிரி வெளிக்காற்றில் கிடைக்கும் டன். மே மாதச் சென்னை 40-ஐத் தாண்டும், சுற்றுச்சுவர் உயரமாக இருந்தால் வெளியேறும் சூடான காற்றே திரும்ப வந்து இன்னும் ஏற்றும். ஆகவே 43 டிகிரிக்கான செலக்‌ஷன் ஷீட்டை எழுத்தில் வாங்கி, அதிலுள்ள டன்னையும் கிலோவாட்டையும் வைத்து விலை பேசுங்கள்.