அப்பளம் உடைகிற சத்தம்: வில் விளையாட்டில் மூன்று வருடம்

காகிதத்தில் வட்டம் போட்டு அம்பு எய்வது ஒரு மாதம் வரை நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் சலித்துவிட்டது. 18 மீட்டரிலிருந்து பார்த்தால் அம்பு எங்கே குத்தியது என்றே என் கண்ணுக்குத் தெரியாது. நடந்துபோய்ப் பார்த்துதான் மார்க் போட வேண்டும். அக்கா மகன் ஒருநாள் கேட்டேவிட்டான்: “மாமா, பட்டா ஏதாச்சும் உடையணுமா இல்லியா?”

அதிலிருந்து ஆரம்பித்தது. மலேசியாவில் பினாங்கு மாநிலத்துச் சுங்கை பாக்காப் பக்கம் அக்கா வீட்டுக்குப் பின்னால், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி, ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு மண்மேடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பசியாறிய கையோடு அதற்கு முன்னால் எதையாவது தொங்கவிட்டு எய்வோம். கையில் இருப்பது 28 பவுண்டு இழுவிசை உள்ள ரிகர்வ் வில்லும் (முனைகள் முன்பக்கமாக வளைந்தது) கார்பன் அம்புகளும். துப்பாக்கி ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு: 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி நம் நாட்டில் காற்றுத் துப்பாக்கிக்கும் லைசன்ஸ் எடுக்க வேண்டும். எனக்கு வில்லே போதும்.

முதலில் பலூன். எல்லோரும் அதில்தான் தொடங்குவார்கள். கயிற்றில் தொங்கவிட்டால் ஏமாந்துபோவீர்கள். அம்பு முனை அவ்வளவு கூர்மையில்லை, பலூன் நைசாக ஒதுங்கிக்கொள்ளும். கெட்டியாக ஊதி, கழுத்தை ஊசியால் ஃபோம் பலகையில் குத்தி வைத்தால்தான் ஒவ்வொரு தடவையும் ‘டப்’. இன்னொரு சிக்கல் வெயில். காலை பத்து மணிக்குள் பளபளப்பு போய் வெளுத்துவிடும், யாரும் தொடாமலேயே இரண்டு மூன்று வெடிக்கும். தாத்தா காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், பலூனும் அந்தப் பாலில் செய்வதுதான். அந்தப் பால் இவ்வளவு ரோஷக்காரப் பால் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கிழிந்த துண்டுகளைப் பொறுக்குவதுதான் பெரிய வேலை. விட்டால் அக்காவின் கோழி விழுங்கிவிடும்.

சாயம் கலந்த தண்ணீர் பாட்டில் பார்க்க அழகு. இரண்டு பக்கமும் பீய்ச்சி அடிக்கும், பிள்ளைகள் கத்துவார்கள். ஆனால் அம்பின் இறகு நனைந்து படுத்துவிட்டால் அன்றைக்கு அது நேராகப் போகாது. உடைந்த பாட்டிலில் தேங்கும் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்கு வீடு, சுகாதார அதிகாரி வந்து பார்த்தால் அபராதம் வேறு. இரண்டு மாதத்தில் விட்டுவிட்டோம்.

அப்பளம்தான் நான் எதிர்பார்க்காத வெற்றி. ஞாயிறு சமையலுக்கு அக்கா பொரித்துக்கொண்டிருந்தபோது தோன்றிய யோசனை. துணி கிளிப்பால் கயிற்றில் மாட்ட வேண்டும், பொரித்த அரை மணி நேரத்துக்குள் எய்துவிட வேண்டும். இந்த ஊர் ஈரக்காற்றில் நமத்துவிட்டால் அம்பு ஓட்டை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடும். மொறுமொறுப்பாக இருக்கும்போது பட்டால் முழு வட்டமும் ஒரே நொடியில் தூளாகிக் கொட்டும், கிளிப்பில் ஒரு சின்னப் பிறை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். பொறுக்குகிற வேலையே இல்லை, மத்தியானத்துக்குள் மைனாவும் எறும்பும் பார்த்துக்கொள்ளும். அம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. “சோத்துப் பொருள்ல என்னடா விளையாட்டு?” என்றார். அதனால் இப்போது தேதி தாண்டிய பாக்கெட்டுக்கு மட்டும்தான் அந்த யோகம்.

தினப்படிக்கு நிலைத்தது சலங்கை வட்டு. பிள்ளைகள் விளையாடும் ஃபோம் தரை விரிப்பு, கடையில் இருபது வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைப்பது, அதை ஒரு சாண் வட்டமாக வெட்டி நான்கு அடுக்கு ஒட்டினேன். ஓர் அடுக்கு என்றால் அம்பு ஊடுருவிப் போய்விடும். காவடியில் கட்டிய பழைய சலங்கைகள் வீட்டில் கிடந்தன. அவற்றை வட்டில் கட்டவில்லை, கயிற்றில் இரண்டு சாண் மேலே கட்டினேன். உலோகத்தில் அம்பு பட்டால் அம்பு போச்சு. இப்போது பட்டதும் வட்டு ஊஞ்சல் மாதிரி ஆடும், சலங்கை குலுங்கும், நடந்துபோய்ப் பார்க்கத் தேவையில்லை. ஒரு வட்டுக்கு ஓர் அம்பு என்று மூன்று வட்டு. ஒன்றிலேயே எய்தால் முன்னால் குத்தியிருக்கும் அம்பின் வாலில் அடுத்தது இடிக்கும். ஆறு மாதத்தில் நடுப்பகுதி நைந்துவிடும், மாற்ற வேண்டும். ஃபோம் உருகித் தண்டில் ஒட்டிக்கொண்டு அம்பைப் பிடுங்க முடியாமல் போனால், துணி துவைக்கும் சவுக்காரத்தைத் தண்டில் லேசாகத் தேயுங்கள்.

ஒரு தப்பும் செய்தேன். இதையெல்லாம் மாட்டும் ஸ்டாண்ட் ஓர் அங்குல பிவிசி குழாய். தாழப் போன அம்பு ஒன்று அதன் காலில் பட்டுத் தெறித்தது. வெளியே பார்க்க ஒன்றுமில்லை. அம்பின் இரு முனையையும் பிடித்து லேசாக வளைத்துக் காதருகே வைத்தபோதுதான் ‘க்ரிக்’ என்று கேட்டது. அதை அப்படியே எய்திருந்தால் நாணை விட்ட நொடியில் உடைந்து கையில் ஏறியிருக்கும். இரண்டாக முறித்து வீசினேன். மிஞ்சிய ஃபோமைக் குழாய்க்காலில் சுற்றிவிட்டேன். எதிலாவது இடித்த அம்பை இப்போது வளைத்துக் கேட்காமல் நாணில் வைப்பதில்லை.

போன வாரம் அக்கா மகன் மூன்று சலங்கையையும் வரிசையாகக் குலுக்கிவிட்டு, “அப்பளம் இருக்கா?” என்று அடுப்படிக்கு ஓடினான். தேதி தாண்டவில்லை என்று பாட்டி பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினார்.